மன்னன் கண்ணும் மக்கள் கண்ணும்

திரை உயர்கிறது. மேடையிலே ஒரு மாளிகை! தூண்கள் வரிசை வரிசையாய் நெடுந்தொலைவு செல்கின்றன. அப்பால் ஒரு சோலை. அதற்கும் அப்பால் நீலமலை. கொட்டகை முழுதும் கையொலி எழும்புகிறது. அந்த மாளிகையை அருகே சென்று தொட்டால் என்ன தெரியும்? துணி, அதன்மேல் வச்சிரம் காய்ச்சிக் கலந்த வண்ணப்பொடி! சில அடி ஆழமே உள்ள மேடையிலே காத தூரத்தைக் காட்டிவிட்டான் ஒருவன். நடித்தவன் பெயரை நாடறியும். பாட்டெழுதியவன் பெயரைப் பலரறிவர். சீன் எழுதியவன் பெயரைக் கேட்பாரில்லை.

கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தத் தொழிலுக்கு ஏறத்தாழ 2500 ஆண்டு வரலாறு உண்டு, தோழர்களே! அதனைப் புரட்டினால் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: அந்தத் திரை யாருடைய கண்ணுக்காக எழுதப்பட்டது?

கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ஏதென்ஸ் நகரம். அங்கே நாடகம் ஊர் கூடிக் காணும் பெருவிழா. அரங்க ஓவியத்தை முதலில் கொணர்ந்தவர் சோஃபோக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் தரும் செய்தியோ இன்னும் சுவையானது. ஈஸ்கிலஸ் நாடகம் அரங்கேறியபோது அகதார்க்கஸ் என்பவன் காட்சி எழுதினான். எழுதியதோடு நில்லாமல் அதுபற்றி நூலும் யாத்தான். அந்நூல் இரு சிந்தனையாளர்களைத் தூண்டிற்று. தட்டையான பரப்பிலே தீட்டிய கட்டடங்களில் சில முன்னே நிற்பதுபோலும் சில பின்னே செல்வதுபோலும் தோன்றுவதெப்படி? கண்ணின் பார்வைக் கோடுகளுக்கும் ஓவியத்தின் கோடுகளுக்கும் உள்ள தொடர்பென்ன? இதனை அவ்விருவரும் ஆராய்ந்தனர்.

யார் அவ்விருவர்? ஒருவர், பொருளனைத்தும் அணுக்களால் ஆனவை என்று கூறிய டெமாக்ரிட்டஸ். மற்றவர் அனக்சாகரஸ். சூரியன் தெய்வமன்று, கனன்றெரியும் கல் என்று சொன்னதற்காகத் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்று, ஏதென்ஸ் நகரை விட்டே நீங்க நேர்ந்த அதே அனக்சாகரஸ்! வானத்துச் சூரியனை ஆராய்ந்த அறிவு, மேடையிலே நின்ற ஓவியத்தையும் ஆராய்ந்தது. கண் மயங்குகிறதே என்று வியந்து நிற்பவன் சாதாரண மனிதன்; ஏன் மயங்குகிறது என்று கேட்பவன் அறிஞன். அந்தக் கேள்விக்கு இடந்தந்தது ஓவியன் தீட்டிய மேடை.

நூற்றாண்டுகள் உருண்டன. இத்தாலியிலே, ஃபிளாரன்ஸ் நகரத்துப் புரூனலெஸ்கி, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொலைவைத் தீட்டும் கணக்கை நிலைநாட்டினார். கண்ணெதிரே விலகிச் செல்லும் இணைகோடுகள் யாவும் தொலைவில் ஒரே புள்ளியில் சென்று சேர்வதாகத் தோன்றும்; இதுவே அந்த விதி. ஓவியர் கையாண்ட விதியை மேடையும் எடுத்துக்கொண்டது. 1545இல் பாரிஸ் நகரில் செர்லியோ வெளியிட்ட நூலிலே மூவகைக் காட்சிகள் வரையப்பட்டிருந்தன. துன்பியல் நாடகமா? அரண்மனைகளும் பெருமாளிகைகளும் நிற்கவேண்டும். இன்பியல் நாடகமா? குடிமக்கள் வீடுகளும் மது விடுதியும் போதும். நாட்டுப்புற நாடகமா? மரங்களும் குடிசைகளும் எழுதுக. பார்த்தீர்களா, பாகுபாட்டை! கண்ணீர் விடுவதற்கும் மாளிகை வேண்டுமாம். குடிசைக்காரன் வாழ்வு சிரிப்பதற்கு ஆகுமாம். அவன் துயரம் துயரமாகக் கணக்கில் ஏறாதாம்! சமுதாயத்தில் இருந்த மேடுபள்ளம் துணியிலும் ஏறி நின்றது.

அதைவிடப் பெரிய அநீதி அந்தக் கணக்குக்குள்ளேயே பதுங்கியிருந்தது. கோடுகள் ஒரு புள்ளியில் சேருமானால், அவை சரியாகத் தெரிவதற்குரிய இடமும் ஒன்றுதான். அந்த இடத்தில் அமர்ந்தவனுக்கே தூண் நேராக நிற்கும், தெரு நேராக ஓடும். ஓரத்தில் அமர்ந்தவனுக்கு மாளிகை கோணும், மதில் சாயும். ஒரே ஓர் இருக்கைக்குத்தான் உண்மை உரியது! அது யாருக்கு? கேட்கவும் வேண்டுமோ? மன்னனுக்கு! மேடைக் கட்டுமானம் பற்றி 1638இல் நூல் எழுதிய சப்பாட்டினி, கோமானின் ஆசனம் எங்கே அமையவேண்டும் என்பதையும் ஓர் இலக்கணமாகவே வகுத்துவைத்தார்.

இதிலே ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1605ஆம் ஆண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வருகை தந்தார். கிறைஸ்ட் சர்ச் கல்லூரி மண்டபத்திலே நாடகம். காட்சி அமைத்தவர் இனிகோ ஜோன்ஸ். ஓவியம் செவ்வையாகத் தெரியும் இடமாகப் பார்த்து மன்னரின் ஆசனத்தை அமைத்தனர் பல்கலைக்கழகத்தார். வந்து பார்த்த அரசவைப் பிரபுக்கள் கொதித்தனர். ஏன்? அங்கே அமர்ந்தால் கூட்டத்தாருக்கு மன்னரின் கன்னம் மட்டுந்தான் தெரியுமாம்! மன்னர் நன்றாகக் காண்பதற்கே அந்த இடம் என்று எடுத்துரைத்தும் பயனில்லை. ஆசனம் மண்டபத்தின் நடுவே பெயர்ந்தது. விளைவு? மேடை 28 அடிக்கு அப்பால் போய்விட்டது. பேசிய பேச்சுக்கள் பல மன்னரின் செவிக்கே எட்டவில்லை. நாடகத்தை மன்னர் காண்பதைவிட, மன்னரை மக்கள் காண்பதே முக்கியம்! அரியணைதான் அங்கே உண்மையான நாடகம். மேடை அதற்கு ஒரு சாக்கு.

மன்னனை அமர்த்திய மேடை, தேவர்களையும் இறக்கிற்று. 1641இல் திறக்கப்பெற்ற வெனிஸ் நகரத்துப் புதிய அரங்கொன்றிலே, டொரெல்லி என்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டை மாளிகையாக்கினார், மாளிகையைக் கடலாக்கினார். மந்திரவாதி என்றே அவரை அழைத்தனர். மந்திரம் எங்கே இருந்தது? மேடையின் அடியிலே! பக்கத்தட்டிகள் எல்லாம் கீழே உருளும் வண்டிகளோடு பிணைக்கப்பட்டிருந்தன. வண்டிகளின் கயிறுகள் ஒரே உருளையில் சுற்றப்பட்டிருந்தன. உருளை சுழன்றால் உலகமே மாறும். ஸ்வீடன் நாட்டு டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கம் 1766இல் கட்டப்பட்டது. மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792இல் சுடப்பட்டு இறந்தபின் கேட்பாரற்றுப் போன அந்த அரங்கை 1921இல் கண்டெடுத்தனர். மர உருளைகளும் கயிறுகளும் தீட்டிய தட்டிகளும் அப்படியே கிடந்தன. அவ்வியந்திரங்கள் இன்றும் இயங்குகின்றன. தெய்வத்தைத் தாங்கிய மேகம் இன்றும் இறங்குகிறது. மேலே மேகத்தைக் காண்போர் பலர். கீழே கயிற்றை இழுக்கும் கையைக் காண்போர் எத்தனை பேர்?

ஒற்றை இருக்கையின் ஆட்சி எவ்வாறு தளர்ந்தது? முதலில் தூரிகையே அதனை அசைத்தது. இத்தாலியின் பிபியேனா குடும்பத்தவரான ஃபெர்டினாண்டோ, 1711இல் வெளியிட்ட நூலிலே, காட்சியை நேராக எழுதாமல் மூலைவாட்டில் எழுதும் முறையை விளக்கினார். கோடுகள் இருபுறமும் பிரிந்து ஓடின. நடுவே அமர்ந்த கோமகனுக்கென்று தனிச் சலுகை குறைந்தது. ஓரத்து இருக்கைக்கும் அழகு கிட்டிற்று. பின்னர் இலண்டன் ட்ரூரி லேன் அரங்கிலே, நடிகர் கேரிக்கிடம் ஆண்டுக்கு 500 பவுன் ஊதியத்தில் பணியாற்றிய லூதர்பர்க், டர்பிஷயர் மலைப்பகுதிக்கு நேரில் சென்று வரைந்துவந்து, 1779இல் காட்சி அமைத்தார். கற்பனை மாளிகை விலகியது. மக்கள் வாழும் மண் மேடையேறிற்று. 500 பவுன் பெற்றவர் அவர். அவரைப் போன்றவர்களின் கீழே, தரையில் விரித்த துணிமீது நடந்து நடந்து, நீண்ட காம்புத் தூரிகையால் முதுகொடியத் தீட்டிய தொழிலாளர் எத்தனையோ பேர்! ஈரத்தில் கறுத்துத் தெரியும் வண்ணம் உலர்ந்தால் வெளிறும். அதனை முன்கூட்டியே கணித்துத் தீட்டவேண்டும். காலடியில் கிடப்பது ஐம்பதடிக்கப்பால் எப்படித் தெரியும் என்று மனத்தால் காணவேண்டும். நாடகம் முடிந்ததும் அதே துணியின்மேல் வேறு காட்சி ஏறும். முன்னவன் உழைப்பு மறையும்.

1817இல் இலண்டன் பேரரங்குகளில் எரிவாயு விளக்கு ஏறிற்று. 1881இல் சவாய் அரங்கிலே மின்விளக்கு ஒளிர்ந்தது. மெழுகுவத்தி மங்கலில் மாளிகையாய் நின்றது, மின்னொளியிலே துணியாகிவிட்டது! உயிருள்ள நடிகனுக்குப் பின்னே உயிரற்ற நிழலை எழுதிவைப்பதேன் என்று கேட்டார் ஸ்விட்சர்லாந்தின் அப்பியா. வெளிச்சம் பெருகப் பெருகப் பழைய மயக்கம் கலைந்தது. வெளிச்சத்தின் இயல்பு அது.

நம் நாட்டுக்கு இந்தத் திரை எப்போது வந்தது? தெருக்கூத்திலே மாளிகைத் திரை கிடையாது. இருவர் பிடிக்கும் ஒரு துணி, சுற்றிலும் மக்கள், பாட்டே காடாகும், சொல்லே கோட்டையாகும். அங்கே மன்னன் இருக்கை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் ஐரோப்பியப் பாணித் திரைகளையும் தட்டிகளையும் ஊரூராய்க் கொண்டு சென்றன. நம் குழுக்களும் அவற்றை ஏற்றன. தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று படுதாக்கள் பெருகின. கன்னையா கம்பெனியின் தசாவதாரம், கதைக்கு நிகராகக் காட்சி ஜோடனைக்கும் பேர்பெற்றது. அரண்மனை வாயிலைக்கூட நெருங்க முடியாதவன், தரை டிக்கெட் வாங்கி, அரண்மனையின் உட்புறத்தைத் துணியிலே கண்டான்.

அந்தப் படுதாவைத் தீட்டியவர்களுள் ஒருவர் கொண்டைய ராஜு. 1898இல் பிறந்தவர். நாடகக் குழுவொன்றுக்குத் திரை எழுதி வந்தவர், 1940களின் தொடக்கத்திலே கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி, இலட்சக்கணக்கான வீடுகளின் சுவரில் ஏறின. உற்றுப் பாருங்கள் அப்படங்களை! தெய்வத்தின் பின்னே நிற்கும் தூண், மடிந்து தொங்கும் பட்டுத்திரை, தொலைவில் தெரியும் தடாகம் — எங்கோ பார்த்தவையாய்த் தோன்றவில்லையா? நாடகப் படுதா அது! கைலாயமும் வைகுந்தமும் எப்படியிருக்கும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டியவன், கொட்டகையிலே சீன் எழுதிய தொழிலாளி. கண்டு வணங்குவோர் கோடி. எழுதிய கையை எண்ணுவோர் எவர்?

கலையைக் குறைகூற இதனை எழுதவில்லை. மயக்கும் வல்லமை கலைக்கு வேண்டும். அந்த வல்லமை யாருக்கு ஊழியம் செய்கிறது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அகதார்க்கஸ் தீட்டினான், அனக்சாகரஸ் கேட்டார். இரண்டும் சேர்ந்தபோதே அறிவு வளர்ந்தது. அடுத்தமுறை நாடகம் பார்க்கச் செல்லும் இளைஞன், திரை விழுந்ததும் மேடையின் பின்புறம் ஒருமுறை சென்று வரட்டும். மாளிகையின் முதுகிலே மரச்சட்டம் தெரியும், ஆணி தெரியும், ஒட்டுப்போட்ட துணி தெரியும். அங்கே வண்ணம் படிந்த கைகளோடு ஒருவன் நின்றிருப்பான். அவன் பெயரைக் கேட்டு வரட்டும்!