மழையில் நின்றுபோன வைப்பரும் ரொபேர்ட் கேர்ண்ஸின் வழக்கும்

1970களின் நடுப்பகுதியில் இலங்கையில் மோட்டார் உதிரிப்பாகங்கள் எவ்வளவு அரிய பொருட்களாக இருந்தன என்பதை என் வயதையொத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலம். பாணுக்கு வரிசையில் நின்ற நாட்டில் காருக்குக் கண்ணாடி தேடுபவனை யார் பொருட்படுத்துவார்?

அக்காலத்தில் கண்டியில் சிறிய கராஜ் ஒன்றை நடத்திவந்த பெரியவரை நாம் எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்போம். தொழில் தெரிந்த கைவினைஞரை அப்படி அழைப்பது நம் நாட்டு வழக்கம். அவர் பழைய போர்ட் பிரிபெக்ட் ஒன்றின் சட்டகத்தையும் 1172 சீசீ என்ஜினையும் வைத்துக்கொண்டு, தகடு தட்டித் தானே ஒரு காரை உருவாக்கிக்கொண்டிருந்தார். இது அவரது தனிப்பட்ட பைத்தியம் என்றுதான் அன்று நான் நினைத்தேன். 1950களில் இங்கிலாந்திலும் நூற்றுக்கணக்கானோர் இதே போர்ட் சட்டகங்களின்மீது தமக்கு விருப்பமான உடலமைப்பைப் பூட்டி ஓட்டினார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

"தம்பி, என்ஜினை எவனும் ஓடவைப்பான். கண்ணாடியும் வைப்பரும் பூட்டுறதுதான் வேலை" என்பார் அவர்.

அது வெறும் பேச்சல்ல. காரின் முன்கண்ணாடியாகப் பயன்படும் ஒட்டுக்கண்ணாடியில், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பிளாஸ்ரிக் படலம் இருக்கும். அதனை வெட்டலாம். லொறி ஒன்றிலிருந்து கழற்றிய தட்டைக் கண்ணாடியின் இரு பக்கமும் கீறி, கீறலின் வழியே மெல்லத் தட்டிப் பிளந்து, பின் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி நடுவிலுள்ள படலத்தை இளக்கி, சவர அலகினால் அறுத்தெடுத்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். ஆனால் கதவுக் கண்ணாடிகள் வேறுவகை. சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவூட்டப்பட்டவை அவை. ஒரு மூலையில் அலகு பட்டாலும் முழுக் கண்ணாடியும் குறுணியாகக் கொட்டிவிடும். ஆகவே பாஸ் கதவுக்கேற்பக் கண்ணாடியை வெட்டவில்லை. கிடைத்த கண்ணாடிக்கேற்பக் கதவைச் செய்தார்.

முன்கண்ணாடியைப் பூட்டும் முறையும் அழகானது. கண்ணாடியைச் சுற்றி றப்பரை மாட்டி, றப்பரின் உட்பள்ளத்தில் ஒரு நூற்கயிற்றை ஓடவிடுவார்கள். வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்திக்கொள்ள, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க றப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி உட்காரும். அதற்கு முன்னரே வைப்பரின் அச்சுக்குத் துளையிட்டாகவேண்டும். துளை ஓரங்குலம் விலகினால் தகடு றப்பரில் மோதும், அல்லது சாரதியின் கண்ணுக்கு நேரே ஒரு துண்டு துடைபடாமல் எஞ்சும். பாஸ் சாரதி ஆசனத்தில் அமர்ந்து, வெளியே என்னை நிறுத்தி, கண்ணாடியில் சோக்கட்டியால் வளைவு போடச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

ஒட்டுக்கண்ணாடி ஒரு தற்செயலின் விளைவு. பிரான்சின் எடுவார்ட் பெனடிக்டஸ் 1903இல் ஒரு குடுவையைத் தவறவிட்டார். அது விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே முன்பு உலர்ந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலமே காரணம். 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அதே 1903இன் நவம்பர் 10ஆம் திகதி அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்ற பெண்மணி வைப்பருக்கான காப்புரிமையைப் பெற்றார். நியூயோர்க்கில் பனிமழை நாளொன்றில் டிராம் சாரதி கண்ணாடியைத் திறந்துவைத்து நடுங்கியபடி ஓட்டியதைக் கண்டதன் பயன் அது. வண்டிக்குள்ளிருந்து நெம்புகோலால் இயக்கும் றப்பர்க் கை. 1905இல் கனடிய நிறுவனம் ஒன்று இதில் வர்த்தகப் பெறுமதி இல்லையெனத் திருப்பி அனுப்பியது. 17 ஆண்டுக் காப்புரிமை முடிந்து, வைப்பர் இல்லாத கார் இல்லை என்ற நிலை வந்தபோது அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1953இல் காலமானார்.

பாஸின் காருக்கு வாய்த்தது உடைந்த கார் ஒன்றிலிருந்து எடுத்த வெற்றிட வைப்பர். என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலுள்ள வெற்றிடத்தினால் இயங்குவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்சிலேற்றரை மிதித்தால் வெற்றிடம் குறையும், வைப்பர் சோரும். காலை எடுத்தால் பேயாட்டம் ஆடும். முதல் ஓட்டத்தில் நுவரெலியாவுக்குப் புறப்பட்டு றம்பொடை ஏற்றத்தில் அடைமழையில் அகப்பட்டபோது வைப்பர் நின்றேவிட்டது. ஒரு பக்கம் பாதாளம். கண்ணாடியில் தண்ணீர்த் திரை. பாஸ் சில விநாடிக்கு ஒருமுறை காலை எடுப்பார். வைப்பர் ஒரு வீச்சு வீசும். தெரிந்த அந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டு மீண்டும் மிதிப்பார். நான் கடவுளைக் கூப்பிட்டேன்.

விட்டு விட்டுத் துடைக்கும் அந்த வீச்சை இயந்திரமாகவே செய்ய முயன்ற ஒருவரின் கதையைப் பல்லாண்டுகளுக்குப் பின்னர் வாசித்தபோது, அந்த ஏற்றம்தான் என் கண்முன் வந்தது. அவர் பெயர் ரொபேர்ட் கேர்ண்ஸ். டெட்ரொயிட்டில் பொறியியல் கற்பித்தவர். 1953இல் திருமண இரவில் ஷம்பேன் போத்தலின் தக்கை தெறித்து இடது கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று. தூறல் நாளொன்றில் காரோட்டியபோது, இடையறாது ஆடிய வைப்பர் அவரது கண்ணை வருத்தியது. இமை எப்போதும் அடித்துக்கொண்டிருப்பதில்லையே, இடைவெளி விட்டுத்தானே இமைக்கிறது என்று சிந்தித்தார். மின்தேக்கி ஒன்று மெல்ல மின்னேற்றம் பெறும். குறித்த அளவை எட்டியதும் மோட்டார் ஒரு வீச்சு ஓடும். மின்தேக்கி வெறுமையாகி மீண்டும் நிரம்பத் தொடங்கும். வீட்டின் நிலவறையில் செய்த இந்தச் சுற்றைத் தனது சொந்த போர்ட் கலக்சி காரில் பூட்டி, 1963இல் போர்ட் நிறுவனத்தின் பொறியியலாளர்களுக்கே காட்டினார். 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பேச்சுவார்த்தை முறிந்தது. 1969இல் போர்ட்டின் வாகனங்களில் அத்தகைய வைப்பர் வந்தது.

கேர்ண்ஸ் 1978இல் வழக்குத் தொடர்ந்தார். அதற்குள் மனநிலை குலைந்து வைத்தியசாலையிலும் இருந்துவிட்டார். மணவாழ்வும் பின்னர் முறிந்தது. எல்லோரும் அறிந்த பாகங்களைப் புதிதாக அடுக்கியதற்குக் காப்புரிமை செல்லாது என்பது நிறுவனத்தின் வாதம். அவ்வாறாயின் அகராதியில் உள்ள சொற்களை அடுக்கும் நாங்கள் எழுதுவதும் செல்லாதுதான்! 1990இல் போர்ட் காப்புரிமையை மீறியதாக ஜூரிகள் கண்டனர். எனினும் வேண்டுமென்றே செய்ததல்ல என்றனர். 1 கோடியே 2 இலட்சம் டொலருடன் வழக்கு முடிந்தது. கிறைஸ்லருக்கு எதிராகத் தானே வாதாடி, 1 கோடியே 87 இலட்சம் டொலரையும் வட்டியையும் வென்றார். ஏனைய நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகள் தவணை தவறித் தள்ளுபடியாகின. 2005 பெப்ரவரியில் அவர் காலமானார்.

பணத்தைவிட, அதைச் செய்தது தானே என்று ஒப்புக்கொள்ளப்படுவதே அவருக்குப் பெரிதாக இருந்தது. இளம் நிருபனாக இருந்த காலத்தில் என் கட்டுரையொன்று இன்னொருவர் பெயரில் அச்சாகிவந்தது. காலையில் பத்திரிகையைப் பிரித்த எனக்குக் கை நடுங்கியது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேலை வேண்டுமே.

பாஸின் கார் மேலும் பல ஆண்டுகள் ஓடியது. கண்ணாடியில் ஒரு சொட்டு நீர் கசிந்ததில்லை. அவர் அதை விற்கும்போது பதிவுப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். தயாரித்தவர் என்ற இடத்தில் 'போர்ட்' என்று எழுதியிருந்தது.