போர்க்கப்பல்களில் மின்பணியாளர்கள்

போர்க்கப்பலில் மின்சாரத்தை உண்டாக்கும் மின்னாக்கிகள், அதைப் பங்கிடும் மின்பலகைகள், கம்பிவடங்கள், மோட்டார்கள், விளக்குகள் ஆகியவற்றை இயக்கிப் பழுதுபார்க்கும் கடற்படையினர் மின்பணியாளர்கள் எனப்படுவர். பிரித்தானிய அரச கடற்படையில் இப்பணி 1880களில் தோன்றியது. எனினும் அதற்கெனத் தனிப் பிரிவு 1946 இல்தான் அமைந்தது.

தொடக்கம்

1881 இல் பணியில் இணைந்த எச்.எம்.எஸ். இன்ஃப்ளெக்சிபிள், மின்விளக்கு பெற்ற தொடக்ககாலப் போர்க்கப்பல்களுள் ஒன்று. அதன் மின்னாக்கி 800 வோல்ட் நேர் மின்னோட்டத்தைத் தந்தது. 1882 இல் அக்கப்பலில் மின்சாரம் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். அரச கடற்படைக் கப்பலில் மின்தாக்குதலால் நேர்ந்த முதல் இறப்பு இதுவாகும். இதையடுத்துக் கப்பல்களில் 80 வோல்ட் அழுத்தமே போதும் என முடிவு செய்யப்பட்டது. பின்னர் பீரங்கி மேடைகள், நீரேற்றிகள், காற்றாடிகள் என மின்தேவை பெருகவே, 220 வோல்ட் வழக்கத்துக்கு வந்தது.

டார்பிடோ பிரிவின் பொறுப்பு

கடற்கண்ணிகளை மின்கலத்தின் துணையால் வெடிக்கச் செய்யும் முறையை முதலில் கற்றவர்கள் டார்பிடோ பிரிவினரே. ஆகையால் கப்பலின் மின்பொறுப்பும் இயல்பாக அவர்களிடமே சேர்ந்தது. போர்ட்ஸ்மவுத்தில் இயங்கிய எச்.எம்.எஸ். வெர்னான் இவர்களுக்குரிய பயிற்சிப் பள்ளியாக விளங்கியது.

பணியின் இயல்பு

வீட்டு மின்சாரத்திற்கும் போர்க்கப்பல் மின்சாரத்திற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. போர்க்கப்பலில் மின்சுற்றின் எந்த முனையும் கப்பலின் எஃகு உடலுடன் இணைக்கப்படுவதில்லை. இதனால் குண்டடியில் ஒரு கம்பி அறுந்து எஃகைத் தொட்டாலும் மின்வழங்கல் உடனே நின்றுவிடாது. ஆனால் அந்தப் பழுதைக் கண்டுபிடிக்காமல் விட்டால், மறுமுனையிலும் பழுது நேரும்போது மின்சுற்று குறுக்கிணைந்து போகும். ஆகவே மின்கசிவைக் காட்டும் விளக்குகளைக் கவனித்து, ஒவ்வொரு கிளைச் சுற்றாகத் துண்டித்துப் பழுது இருக்கும் இடத்தைக் கண்டறிவது மின்பணியாளரின் அன்றாட வேலையாயிற்று. உப்புநீரும் வியர்வையும் படிந்த உடலோடு, எஃகுத் தளத்தின் மீது நின்று இதைச் செய்ய வேண்டும்.

ஜெர்மனியின் காந்தக் கண்ணிகள் 1939 இல் பரவியபோது, கப்பலைச் சுற்றிக் கம்பிவடம் ஓட்டி அதன் காந்தப்புலத்தைத் தணிக்கும் வேலையும் இவர்களுடன் சேர்ந்தது.

1941 தந்த பாடம்

1941 நவம்பர் 13 அன்று ஜிப்ரால்ட்டருக்கு அருகில் விமானந்தாங்கிக் கப்பலான ஆர்க் ராயலை ஒரே ஒரு டார்பிடோ தாக்கியது. கொதிகலன் அறையும் முதன்மை மின்பலகையும் வெள்ளத்தில் மூழ்கின. நீராவியை நம்பாமல் தனித்து இயங்கும் டீசல் மின்னாக்கி அக்கப்பலில் இல்லை. மின்சாரம் இல்லாமல் நீரேற்றிகள் நின்றன. லாஃபோரே என்னும் நாசகாரிக் கப்பல் அருகே வந்து மின்சாரம் கொடுத்தும் பயனில்லை. ஏறத்தாழ 14 மணி நேரத்திற்குப் பின், மறுநாள் காலை கப்பல் மூழ்கியது. மாற்று மின்வழி இல்லாதது பெருங்குறை என்பது பின்னர் நடந்த விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது.

அடுத்த மாதமே, டிசம்பர் 10 அன்று, மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்னும் போர்க்கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அதன் 8 மின்னாக்கிகளுள் 5 செயலிழந்தன. பின்பகுதியில் நீரேற்றிகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவும் முடங்கின. கப்பல் மூழ்கி 327 பேர் மாண்டனர். வலிமைமிக்க கவசம் பூண்ட கப்பலும் மின்சாரம் நின்றால் கைகால் இழந்ததாகிவிடும் என்பதை இவ்விரு இழப்புகளும் உணர்த்தின.

தனிப் பிரிவு

போர்க்காலத்தில் ரேடாரும் பிற மின்கருவிகளும் பெருகியதால் டார்பிடோ பிரிவால் இச்சுமையைத் தாங்க இயலவில்லை. 1946 இல் அரச கடற்படையில் மின்பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. ஃபேரம் நகரிலுள்ள எச்.எம்.எஸ். காலிங்வுட் அதன் பயிற்சிக் களமாயிற்று. பின்னாளில் கப்பல்களில் நேர் மின்னோட்டம் கைவிடப்பட்டு, 440 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் இடம்பிடித்தது.

இந்தியாவில்

இந்தியக் கடற்படையின் மின்பயிற்சி நிலையமான வல்சுரா, குஜராத்தின் ஜாம்நகரில் உள்ளது. இது 1942 டிசம்பர் 15 அன்று டார்பிடோ பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் மின்பள்ளியாக மாறியது. இந்தியாவிலும் டார்பிடோவின் வழியாகவே மின்பணி வளர்ந்தது என்பதற்கு இது சான்று. வல்சுரா என்பது இந்தியக் கடலோரத்தில் வாழும் மீன் ஒன்றின் பெயர். தமிழில் வழங்கும் வாள்சுறா என்னும் சொல்லை இது நினைவூட்டுகிறது. 2022 மார்ச்சில் இந்நிலையத்திற்குக் குடியரசுத் தலைவரின் கொடி வழங்கப்பட்டது.