கல்கத்தா கால்பந்துக் கழகம்

கல்கத்தா கால்பந்துக் கழகம் என்பது 1873 சனவரியில் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட தொழில்முறை சாராத ரக்பி கழகம் ஆகும். பெயரில் கால்பந்து என்றிருந்தாலும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பியே இங்கு ஆடப்பட்டது. அக்காலத்தில் ரக்பியும் கால்பந்தின் ஒரு வகையாகவே கருதப்பட்டது.

தோற்றம்

1872 டிசம்பர் 25 அன்று கொல்கத்தாவில் அணிக்கு 20 பேர் கொண்ட ஆட்டம் ஒன்று நடந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்தோர் ஓர் அணியாகவும், இசுக்காட்லாந்து, அயர்லாந்து, வேல்சு நாட்டினர் மற்றோர் அணியாகவும் ஆடினர். அதற்குக் கிடைத்த வரவேற்பால் கழகம் உருவானது. இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் பயின்ற பழைய மாணவர்கள் இதில் முன்னின்றனர். 1874இல் இங்கிலாந்தின் ரக்பி கால்பந்து ஒன்றியத்தில் கழகம் இணைந்தது.

கலைப்பும் கோப்பையும்

வங்கத்தின் வெப்பம் ரக்பிக்கு ஒத்துவரவில்லை. ஆடிவந்த படைப்பிரிவு ஊரைவிட்டுச் சென்றது; போலோவும் டென்னிசும் செல்வாக்குப் பெற்றன. உறுப்பினர்கள் குறையவே, கழகத்தைக் கலைக்க முடிவாயிற்று. எஞ்சிய பணத்தை உறுப்பினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய் நாணயங்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்வித்தனர். அதன் 3 கைப்பிடிகளும் நாக வடிவிலானவை. மூடியின் மேல் யானை உருவம் உள்ளது. 1878இல் அது ஒன்றியத்திடம் அளிக்கப்பட்டது.

1879 முதல் இங்கிலாந்தும் இசுக்காட்லாந்தும் இந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காக மோதிவருகின்றன. 1884இல் கழகம் மீண்டும் உயிர்பெற்றது. 1965இல் கல்கத்தா கிரிக்கெட் கழகத்துடன் இணைந்தது. முதல் கழகம் ஐந்தாறு ஆண்டுகளே நீடித்தது. அது விட்டுச்சென்ற கோப்பை இன்றும் ஆட்டத்தில் உள்ளது.