அளவு சரி, ஜாதகம் எங்கே?

அம்பத்தூரில் கிடைக்காத உதிரி பாகம் கிடையாது என்று மார்தட்டுபவன் நான். பழைய இலகுரக விமானம் ஒன்றைப் பராமரிக்கும் நம் சீனியர் ஒருவர், அதன் அய்லரான் கீலில் தேய்ந்துபோன பேரிங்கை என்னிடம் தந்தார். அங்குல அளவு, நாலு கடை ஏறி இறங்கி, அதே அளவில் வாங்கிவிட்டேன். "அளவு சரி தம்பி, ஜாதகம் எங்கே?" என்றார்.

கொஞ்சம் வரலாறு. பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தின் புஷ்பக் முதலில் பறந்தது 1958-ல். இரண்டு சீட், 90 குதிரைசக்தி, துணி போர்த்திய இறக்கை. பிளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் பறக்கப் பழகியது அதில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததோ 1964-ல். நம் பேட்டைக்கு மூத்த விமானங்கள் இவை!

மோட்டார் பேரிங் ஓயாமல் சுற்றும். அய்லரான் பேரிங்கோ சில டிகிரி போய்த் திரும்பும். குண்டுகள் ஒரே இடத்தில் அசைய, கிரீஸ் விலகி, வளையத்தில் குழி விழும். அதனால்தான் இதற்கென்றே கூடு இல்லாமல், குண்டுகளை நெருக்கி நிரப்பிய தனி வகை உண்டு. அதிலும் தயாரித்தவர் யார் என்ற சான்று இல்லாவிட்டால் பொருத்தக் கூடாது.

சரியான பேரிங் வரும்வரை விமானம் நாலு மாதம் தரையில் நின்றது. நின்றதே நல்லது. நான் வாங்கியது என் பட்டறை மின்விசிறியில் இன்றும் சுற்றுகிறது.