நம்மவர் பிழையும் நடுநிலைக் குரலும்



செட்டிநாட்டைச் சேர்ந்த நாச்சியாபுரம் என் சொந்த ஊர். தை பிறந்துவிட்டால் எங்கள் வட்டாரத்துப் பொட்டல்களுக்கெல்லாம் புது உயிர் வந்துவிடும். தை மூன்றாம் நாள் சிராவயலில் மஞ்சுவிரட்டு. அதற்கு முன்னும் பின்னும் சிற்றூர்தோறும் சடுகுடுப் பந்தயங்கள். மாடு பிடிக்கும் களத்தில் ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் வெறும் புகழ்மாலை சூட்டிக்கொண்டிருக்க மாட்டார். "வாலைப் பிடிக்காதே! ஒருவர் மட்டும் திமிலைப் பிடி!" என்று அதட்டவும் செய்வார். உள்ளூர் இளைஞராயினும் வெளியூர் இளைஞராயினும் அந்த அதட்டலுக்கு அடங்கித்தான் ஆகவேண்டும்.

நான் எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டு, எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் நடந்த சடுகுடுப் பந்தயம் இன்றும் என் நினைவில் நிற்கிறது. இறுதி ஆட்டம், இரு பக்கமும் சமப் புள்ளிகள். உள்ளூர்க் குழுவின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் பாடிச் சென்றார். இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரணியினர் அவரை மடக்கிப் பிடித்தனர். அவர் உடலை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார். ஆனால், கை கோட்டை எட்டுவதற்கு முன்பே பாட்டு அறுந்துபோயிற்று. கூட்டத்தின் ஆரவாரத்தில் அது நடுவரின் காதுக்கு எட்டவில்லை. புள்ளிகள் உள்ளூருக்கே கிடைத்தன.

ஒலிபெருக்கியில் ஆட்டத்தை எடுத்துரைத்தவர் அதே ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். நடுக்கோட்டின் ஓரத்திலேயே அமர்ந்திருந்தவர். அவர் சற்றே தயங்கினார். பிறகு, "நடுவர் தீர்ப்பு நமக்குச் சாதகமாக அமைந்தது. அதற்கு எல்லோரும் கட்டுப்படுவோம். ஆனால், நம் பிள்ளையின் பாட்டு கோட்டுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. அதை நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான்! யாரோ ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். "ஊரில் இருந்துகொண்டே ஊரைக் காட்டிக் கொடுக்கிறாரே வாத்தியார்" என்று பெரியவர்களே முணுமுணுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்தார்.

அந்த ஆசிரியர் செய்தது சரியா? நம்மவர் தவறு செய்யும்போது, நம்மவருக்காக ஆட்டத்தை எடுத்துரைக்கும் ஒருவர் என்ன சொல்லவேண்டும்? இக்கேள்வி ஒரு சிற்றூர்ப் பொட்டலோடு முடிந்துபோவதன்று. நேர்முக வருணனை என்னும் கலை தோன்றிய நாள் முதல் அதைப் பின்தொடர்ந்து வரும் கேள்வி அது.

வருணனையாளர் என்பவர் யார்? களத்திற்கு வர இயலாத பல்லாயிரம் பேருக்கு அவர் கண். 1934-ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த நான்கணிக் கிரிக்கெட் போட்டியை ஏ. எஃப். எஸ். தல்யார்கான் வானொலியில் வருணித்தபோது, நம் நாட்டில் இக்கலைக்குக் கால்கோள் நடந்தது எனலாம். நாள் முழுவதும் தனியொருவராகவே பேசும் ஆற்றல் பெற்றவர் அவர். பிற்காலத்தில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரலில் தமிழிலும் கிரிக்கெட் வருணனை ஒலித்தது. அக்குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. பெட்டியின் முன் அமர்ந்திருந்த எங்களுக்குப் பந்து எங்கே விழுந்தது என்பதை அறிய வேறு வழியே இல்லை. கண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது? ஆகவே, அந்தக் கண் ஒருபக்கமாகவே பார்க்குமாயின், கேட்பவர் ஒருவகையில் குருடராக்கப்படுகிறார்.

இந்தக் கடமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட நாள் ஒன்று உண்டு. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மைதானம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒருநாள் ஆட்டம். கடைசிப் பந்து ஒன்றே மிச்சம். அதில் ஆறு ஓட்டம் எடுத்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்யலாம். மட்டை பிடித்து நின்றவர் பிரையன் மெக்கெக்னி. ஆஸ்திரேலிய அணித் தலைவர் கிரெக் சாப்பல், பந்தெறியவிருந்த தம் தம்பி டிரெவர் சாப்பலை அழைத்து, பந்தைக் கைதாழ்த்தித் தரையோடு உருட்டிவிடுமாறு பணித்தார். உருண்டுவரும் பந்தை எவரால் வானத்துக்குத் தூக்கி அடிக்க இயலும்? மெக்கெக்னி அதைத் தடுத்து நிறுத்திவிட்டு, வெறுப்போடு மட்டையை வீசியெறிந்தார். ஆஸ்திரேலியா வென்றது.

அப்போது தொலைக்காட்சியில் வருணனை செய்துகொண்டிருந்தவர்களுள் ஒருவர் இயன் சாப்பல். ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர். அதோடு, கிரெக்குக்கும் டிரெவருக்கும் உடன்பிறந்த மூத்தவர். களத்தில் இரு தம்பியர். ஒலிவாங்கியின் முன் அண்ணன்! தம்பியர் செய்யப்போவது இன்னதென்று புலப்பட்ட அந்தக் கணத்திலேயே, அப்படிச் செய்யாதே என்று கிரெக்கின் பெயரைச் சொல்லித் தடுக்கும் குரல் அவரிடமிருந்து எழுந்தது. களத்துக்கு அது கேட்காது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும், நேயர்களுக்குக் கேட்டது. ஆஸ்திரேலியாவின் மற்றொரு முன்னாள் தலைவரான ரிச்சி பெனோ, ஒளிபரப்பின் முடிவில், கிரிக்கெட் களத்தில் தாம் கண்ட மிக இழிவான செயல்களுள் இது ஒன்று என்று தெளிவாகச் சொன்னார். அவர் குரலில் ஆரவாரம் இல்லை, மழுப்பலும் இல்லை.

மாணவ நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அன்றைய ஆட்டத்தின் விதிகள் கைதாழ்த்திப் பந்தெறிவதைத் தடை செய்திருக்கவில்லை. விதியைக் காட்டித் தம்மவரைக் காப்பாற்ற அவ்விருவரும் விரும்பியிருந்தால் எளிதாகக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால், விதிக்கு மேலே முறை என்று ஒன்று உண்டென்பதை அவர்கள் மறக்கவில்லை. பின்னர் ஒருநாள் ஆட்டங்களில் அவ்வகைப் பந்துவீச்சு தடை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியத் தலைமையமைச்சர் மால்கம் பிரேசரும் அச்செயலைக் கண்டித்தார். மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதையைப் பள்ளியில் படித்தவர்கள் நாம். தம்பியைத் தடுக்க முயன்ற அந்த அண்ணனின் குரல் நமக்கு அந்நியமானதன்று.

எல்லோராலும் அவ்வாறு நேராக நிற்க முடியுமா? முடியாது. தடுமாறியும் உண்மையைக் கைவிடாத ஒருவரை அடுத்துக் காண்போம். 1986-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், மெக்சிகோ நகரத்து அஸ்டெகா அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்தின் காலிறுதி. அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதின. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் தீவுகள் சிலவற்றுக்காக அவ்விரு நாடுகளும் போரிட்டிருந்தன. இரண்டாம் பாதியில் டீகோ மரடோனா துள்ளி எழுந்து, தலையால் முட்டுவதுபோலக் கையால் பந்தைத் தட்டி வலைக்குள் சேர்த்தார். நடுவர் அதனைக் காணவில்லை. கோல் என்று அறிவித்துவிட்டார்.

அர்ஜென்டின வானொலியில் பேசிக்கொண்டிருந்தவர் விக்டர் ஹூகோ மொராலெஸ். உருகுவேயில் பிறந்து, அர்ஜென்டின நேயர்களின் அன்புக்குரிய குரலாக விளங்கியவர். அவரும் கோல் என்று முழங்கினார். முழங்கிய கையோடு, அது கையால் போடப்பட்டதாகவே தமக்குத் தோன்றுகிறது என்றும், நெஞ்சாரக் கூவினாலும் நினைப்பதைச் சொல்லியே தீரவேண்டும் என்றும் கூறினார். பின்னர், கடவுள் மன்னிக்கட்டும், இன்று இங்கிலாந்துக்கு எதிராக, கையால் போட்ட கோலாயினும் நான் என்ன சொல்வது என்ற பொருளில் மனம் தளர்ந்தும் பேசினார். அடுத்த சில நிமிடங்களில் மரடோனா எதிரணியினர் பலரைக் கடந்து சென்று போட்ட அற்புதமான கோலை அவர் வருணித்ததோ அழுகையும் பரவசமும் கலந்த வருணனை. உலகமெங்கும் இன்றும் கேட்கப்படுவது.

நான் அவரிடம் கற்றுக்கொண்டது இதுதான்: வருணனையாளருக்கும் நாட்டுப்பற்று உண்டு; இருப்பது குற்றமன்று. உள்ளம் ஒருபக்கம் சாயலாம், செய்தி சாயக்கூடாது. மகிழ்ச்சியை மறைக்கவேண்டியதில்லை, கையை மறைக்கக்கூடாது. முதல் கோலில் கையைக் கண்டு சொன்னவர் என்பதாலேயே, இரண்டாம் கோலுக்கு அவர் சொரிந்த புகழை நாம் முழுதும் நம்புகிறோம்.

இதுவரை பிற நாட்டாரைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மையே சோதித்துப் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில், சிட்னி டெஸ்ட் ஆட்டத்தில், பந்தெறியுமுன் கோட்டைவிட்டு வெளியேறிய ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுனை, நம் வினு மான்கட் எறிமுனையிலேயே ஆட்டமிழக்கச் செய்தார். விதி அதை அனுமதித்தது. அதே சுற்றுப்பயணத்தில் முன்னொருமுறை பிரவுனை எச்சரித்தும் இருந்தார். ஆயினும், அவர் பெயரையே அச்செயலுக்குச் சூட்டி, 'மான்கடிங்' என்று ஓர் இழிசொல்லை ஆக்கிவிட்டார்கள். எதிரணித் தலைவர் பிராட்மனோ, பின்னர் எழுதிய நூலில் மான்கட் செய்ததில் தவறில்லை என்றே வாதிட்டார்.

2019-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் ஜெய்ப்பூரில் நம் தமிழ்நாட்டு அஸ்வின், ஜோஸ் பட்லரை அதே முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். 2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா, சார்லி டீனை அவ்வாறே வெளியேற்றினார். உடனே வருணனையாளர்களும் விமரிசகர்களும் இரு கூறாயினர். இங்கிலாந்தவர் பலர் 'ஆட்டப் பண்பு கெட்டது' என்றனர். நம்மவர் பலர் 'விதி இருக்கிறது' என்றனர். 2022 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், இச்செயலை முறையற்ற ஆட்டம் என்னும் பிரிவிலிருந்து எடுத்து, ஓட்டத்தில் ஆட்டமிழத்தல் என்னும் பிரிவில் சேர்த்துவிட்டது.

அஸ்வின் செய்தி கேட்டவுடன் என் மனம் அவர் பக்கமே நின்றது. விதியை நான் எண்ணிப் பார்த்தது பிறகுதான். அதன்பின் ஒரு கேள்வி என்னை உறுத்தியது. சேப்பாக்கத்தில் ஓர் ஆங்கிலேயப் பந்தெறிவாளர் அஸ்வினையே அவ்வாறு வெளியேற்றியிருந்தால், அன்றும் நான் விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டியிருப்பேனா? முறையைப் பற்றியல்லவா முழங்கியிருப்பேன்? அஸ்வின் செய்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால், சரியான முடிவுக்கும் தவறான வழியில் வந்து சேரலாம் என்பதை அன்று உணர்ந்தேன். ஒரே செயலுக்கு, சட்டையின் நிறம் பார்த்து இரண்டு பெயர் வைப்பதுதான் பக்கச்சார்பு. நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அங்கே துலாக்கோலை உவமையாக்கியதன் பொருத்தம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. துலாக்கோலுக்குப் பொருளின் உரிமையாளர் யாரென்று தெரியாது.

நடுநிலை எளிதன்று, அதற்கு விலையும் உண்டு. 2016 மார்ச்சில், இந்திய வருணனையாளர்கள் எப்போதும் பிற அணியினரைவிட நம் வீரர்களைப் பற்றி அதிகம் பேசினால் நன்று என்ற கருத்தை நடிகர் அமிதாப் பச்சன் பொதுவெளியில் எழுதினார். அப்போதைய அணித் தலைவர் தோனியும் அதை ஆமோதித்தார். அடுத்த மாதமே ஹர்ஷா போக்ளே வருணனைக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். காரணம் தமக்குச் சொல்லப்படவில்லை என்றார் அவர். இரண்டையும் நான் முடிச்சிட முற்படவில்லை. ஆனால், தம் ஊதியம் எவர் கையில் இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய நிலை வருணனையாளருக்கு வருமானால், இழப்பு அவருக்கு மட்டுமன்று; நேயருக்குந்தான்.

மறைத்துப் பேசுவதால் இக்காலத்தில் பயனேதும் உண்டா என்றால், அதுவும் இல்லை. 2010 ஆகஸ்டில் இலங்கையின் தம்புள்ளையில் இந்தியா வெல்ல ஓர் ஓட்டமே தேவை. சேவாக் 99-இல் நின்றார். சுராஜ் ரந்தீவ் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டிக் காலை வைத்து 'நோ பால்' வீசினார். ஆட்டம் அந்த உபரி ஓட்டத்தோடு முடிந்தது; சேவாக் அடித்த ஆறு ஓட்டம் கணக்கில் வரவில்லை. கோட்டைத் தாண்டிய காலை உலகமே திரையில் கண்டது. இலங்கைக் கிரிக்கெட் நிறுவனமே விசாரித்து, தன் வீரர் ரந்தீவை ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. அதனால் இலங்கையின் மதிப்பு குறையவில்லை, காப்பாற்றப்பட்டது.

உண்மையைத் தாங்கும் வலிமை மக்களுக்கு இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். 1999 ஜனவரி 31-ஆம் நாள் சேப்பாக்கத்தில், டெண்டுல்கர் 136 ஓட்டம் குவித்தும், 12 ஓட்ட வேறுபாட்டில் பாகிஸ்தானிடம் நாம் தோற்றோம். நெஞ்சு உடைந்த அக்கூட்டம், மைதானத்தை வலம்வந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கைதட்டியது. எதிரியின் திறமையை ஒப்புக்கொள்ளத் தெரிந்த மக்களுக்கு, நம்மவர் பிழையை எடுத்துச் சொன்னால் மட்டும் பொறுக்காதா?

இனி, அந்தப் பள்ளி ஆசிரியரின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் விலக்கப்பட்டதற்கு மறு ஆண்டு, வெளியூர்க் குழுக்கள் சில பந்தயத்துக்கு வரத் தயங்கின. "அந்த வாத்தியார் ஒலிபெருக்கியில் இருந்தால் வருகிறோம்" என்று சொல்லியனுப்பினவாம். விழாக் குழுவினர் அவர் வீடு தேடிச் சென்றார்கள். அவர் ஒரு நிபந்தனையும் விதிக்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆண்டு உள்ளூர்க் குழு வென்றது. "நம் பிள்ளைகள் நேராக ஆடி வென்றார்கள்" என்று அவர் அறிவித்தபோது, தோற்ற ஊரார்தாம் முதலில் கைதட்டினார்கள்.