உப்புக்காற்றில் ஒரு ஆமைக் கார்

ஜேர்மனியில் குடியேறி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட என் பள்ளித் தோழர் ஒருவர், அங்கே பழைய போர்ஷ 911 கார் ஒன்றைப் பிள்ளையைப் போலப் பேணி வருகிறார். காற்றினால் குளிரும் 911 கார்களின் உற்பத்தி 1998 ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதன்பின் எஞ்சியவற்றுக்கு ஏறிய விலையையும், தன் வண்டிக்காக அவர் படும் பாட்டையும் தொலைபேசியில் நெடுநேரம் விவரித்துவிட்டு, "நம்முடைய ஊரின் உப்புக்காற்றில் இப்படியொரு வண்டி ஐம்பது வருடம் நிலைக்குமா?" என்று கேட்டார். நிலைக்கும். நிலைத்தும் இருக்கிறது. ஆனால் அது போர்ஷ அல்ல. போர்ஷவின் ஏழை மூதாதையான வொக்ஸ்வாகன் பீட்டில். நம்மவர்கள் ஆமைக் கார் என்பது அதைத்தான். சிங்களத்திலும் அதற்கு 'இப்பா', அதாவது ஆமை, என்றே பெயர்.

உறவு வெறும் உவமை அன்று. 1930களில் ஹிட்லரின் அரசுக்காக மலிவான மக்கள் காரை வடிவமைத்தவர் ஃபேர்டினண்ட் போர்ஷ. போருக்குப் பின், 1948 இல், அவருடைய மகன் ஃபெரி போர்ஷ ஒஸ்திரியாவின் குமுண்ட் என்னும் சிற்றூரில் 356 என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தபோது, எஞ்சின் முதற்கொண்டு பல பாகங்களை அந்த மக்கள் காரிலிருந்தே எடுத்தாண்டார். 1963 இல் பிராங்போர்ட் கண்காட்சியில் தோன்றிய 911 அந்த மரபின் அடுத்த வாரிசு. அதற்கு ஆறு சிலிண்டர், ஆமைக்கு நான்கு. இரண்டிலும் எஞ்சின் பின்புறம். இரண்டிலும் ரேடியேற்றர் இல்லை. விசிறி ஒன்று காற்றை இழுத்துத் தகரக் கூடுகளின் வழியே சிலிண்டர்களின் மேல் தள்ளும். காற்று செய்யாத பாதி வேலையை எஞ்சின் ஒயில் செய்யும். தண்ணீர் கொதித்து வழியிலே நிற்கும் பேச்சே கிடையாது.

காற்றால் குளிரும் எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊருக்கு வேறொரு நினைவும் உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கிய ஜப்பானிய ஸீரோ விமானங்களின் எஞ்சின்கள் காற்றால் குளிர்ந்தவை. அவற்றை எதிர்கொள்ளச் சீனக்குடாவிலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிகேன்களின் எஞ்சின்கள் திரவத்தால் குளிர்ந்தவை. அன்றைய வெற்றி தோல்வியை எஞ்சின்களின் கணக்கில் எழுதுவது தவறாகும், நிற்க.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இலங்கைக்கு வந்த ஆமைக் கார்கள் இன்றும் ஓடுவதற்கு ஜேர்மானியரின் திறமை மட்டும் காரணம் அல்ல. நமது தரித்திரமும் காரணம். அறுபதுகளின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. புதிய கார் என்பது பெரும்பாலானோருக்குக் கனவு. உள்ள காரின் உதிரிப்பாகமே அரிய பொருள். ஆகவே எறிவது என்ற எண்ணமே எழவில்லை. எங்கள் நகரில் இதற்குத் துணையாக இன்னொன்று வாய்த்தது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, டொக்யார்ட்டில் கடைச்சலும் பொருத்துவேலையும் கற்ற கைகள் வெளியே வந்தன. என் சிறுவயதில் நான் கண்ட மூத்த மெக்கானிக்குகள் சிலர் அங்கே தொழில் பழகியவர்களே. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்தே எடுத்துவிடுவார்கள்.

அதே 1957 ஆம் ஆண்டு கார்களின் நெற்றியிலும் ஓர் எழுத்தை எழுதியது. அதற்கு முன் பதிவான இலங்கைக் கார்களின் இலக்கத் தகட்டில் ஈ.எல்., ஈ.என். போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. தனிச் சிங்களச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டான 1957 இன் தொடக்கத்திலிருந்து, புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குச் சிங்கள வரிவடிவிலான 'ஸ்ரீ' கட்டாயமாயிற்று. அந்த ஆண்டு பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட்டதும், தமிழரசுக் கட்சியினர் அதைத் தமிழ் ஸ்ரீயாக மாற்றினர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. அதே ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம். இரு தரப்பும் மோதிக்கொண்ட அந்தச் சொல் இரு தரப்புக்கும் சொந்தமல்லாத வடசொல் என்பதை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை.

இன்று ஆமைக் கார் ஒன்றை விற்பவர்கள் முதலில் சொல்வது ஸ்ரீ இலக்கத்தைத்தான். இத்தனையாம் ஸ்ரீ என்பதைக் கொண்டு வண்டியின் வயதைக் கணித்துவிடலாம். 2000 ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தன. பழைய தகடுகள் மட்டும் பழைய வண்டிகளோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனித் தோழரின் கேள்விக்கு வருவோம். உப்புக்காற்று இந்த வண்டியின் எஞ்சினைக் கொல்வதில்லை, உடலைத்தான் தின்கிறது. கச்சான் காலத்தில் வறண்ட வெப்பக் காற்று வீசுகையில் எல்லாம் நலமாகத் தோன்றும். வாடை தொடங்கியதும் கடற்சாரலும் மழையும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத இடங்களில் புகுந்துவிடும். ஆமையில் கதவுக்குக் கீழே நீளும் பெட்டிக் குழல்கள் உள்ளீடற்றவை. குளிர் நாடுகளில் சூடான காற்றை உள்ளே அனுப்புவதற்காக அமைக்கப்பட்ட அவை வண்டியின் பலத்தையும் தாங்குகின்றன. சூடேற்றி தேவையே இல்லாத நமது ஊரில் முதலில் உக்குவது அவைதான். அடுத்தது பின் ஆசனத்தின் அடியில் பற்றரி இருக்கும் தரைத்தகடு. மேலே பளபளக்கும் பெயின்ற். கீழே கைவிரல் புகும் ஓட்டை. வாங்கப் போகிறவர்கள் முதலில் பின் ஆசனத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 911 வண்டிகளுக்கும் இதே நோய் இருந்தது. 1976 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து உடற்தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்தே போர்ஷ அதற்கு மருந்து கண்டது.

கழுவினால் உப்புப் போகும் என்பார்கள். எந்தத் தண்ணீரால் என்பது கேள்வி. கடலோரக் கிணறுகள் பல உவர். அந்த நீரால் நாள்தோறும் கழுவுகிறவர் வண்டிக்கு நாள்தோறும் உப்பூட்டுகிறார். நல்ல தண்ணீரால், மேலே அல்ல, சக்கர வளைவுகளுக்குள்ளும் அடிப்பாகத்திலும் பீச்ச வேண்டும். கதவுகளின் கீழ் விளிம்பில் உள்ள வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிட வேண்டும். பின் வெயிலில் உலர்த்த வேண்டும். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் பூசும் நம்மூர் வழக்கம் தகட்டுக்கு நல்லதுதான், றப்பருக்குக் கூடாது. வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடி வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே வியர்த்து உக்கும். ஓலைக் கொட்டில் எவ்வளவோ மேல்.

எஞ்சின் விடயத்தில் நம்மவர்கள் செய்யும் பெரும் பாதகம், வெப்ப நாடு என்பதால் எஞ்சினுக்குக் 'காற்றுப்பட வேண்டும்' என்று சுற்றியுள்ள தகரங்களைக் கழற்றி எறிவது. அந்தத் தகரங்கள்தான் காற்றுக்கு வழிகாட்டுகின்றன. எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள றப்பர் விளிம்பு போய்விட்டால், கீழே வெளியேறிய சுடுகாற்றையே விசிறி மறுபடி இழுக்கும். முந்தைய மாதிரிகளில் ஒயில் குளிராக்கி விசிறிக் கூட்டுக்குள்ளேயே இருந்ததால் மூன்றாம் சிலிண்டருக்குக் காற்றுக் குறைவு; அதன் புகைபோக்கு வால்வுதான் முதலில் முறியும். 1971 ஆம் ஆண்டு மாதிரியில் குளிராக்கியை வெளியே நகர்த்தினார்கள். ஆகவே மூவாயிரம் மைலுக்கு ஒரு தடவை, எஞ்சின் நன்றாக ஆறிய பின், வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இரண்டரை லீற்றர்தான் ஒயில். அதை மாற்றக் கணக்குப் பார்ப்பது அற்பத்தனம். டைனமோவையும் விசிறியையும் சுழற்றுவது ஒரே பெல்ட். சிவப்பு விளக்கு எரிந்தால் பற்றரி சார்ஜ் ஆகவில்லை என்று மட்டும் எண்ணி வீடுவரை ஓட்டிச் செல்பவர், வீட்டில் இறங்கும்போது எஞ்சினையும் இறக்க வேண்டியிருக்கும். அக்கணமே நிறுத்த வேண்டும்.

போர்க்காலம் வண்டிகளைப் பார்த்த கண்ணே வேறு. எங்கள் நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. சோதனைச் சாவடிகளில் பின்புறம் திறந்தால் எஞ்சினும், முன்புறம் திறந்தால் பெட்டியுமாக இருந்த ஆமையைச் சிப்பாய்கள் இருமுறை சோதிப்பார்கள். வடக்கே யாழ்ப்பாணத்தில் 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போக, ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே அதைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஒயிலை நம்பிக் குளிரும் எஞ்சினுக்கு அது இரட்டைத் தண்டனை.

2004 டிசெம்பர் 26 அன்று கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் கடல் புகுந்தபோது நனைந்த வாகனங்களில், உடனே நல்ல நீரில் அலசப்படாதவை சில மாதங்களில் உள்ளிருந்தே உக்கின. 2022 இன் எரிபொருள் நெருக்கடி வேறு விதமாகத் தாக்கியது. கிவ்.ஆர். அட்டையில் காருக்கு வாரம் இருபது லீற்றர் என்றபோது, பல பழைய வண்டிகள் அசையாமல் நின்றே கெட்டன. காபரேற்றரில் பெற்றோல் உலர்ந்து பிசினாயிற்று. பிரேக் சிலிண்டர்கள் இறுகின. ஓடாத வண்டி ஓடும் வண்டியைவிட விரைவில் சாகும் என்று மெக்கானிக்குகள் சொல்வது மெய்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் மதிப்பு ஏறியதோடு, அவற்றைப் 'புதுப்பிக்கும்' ஆர்வமும் ஏறியது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அறுபதுகளின் 1200 ஆமை ஒன்று இருக்கிறது. எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய எஞ்சினும் ரேடியேற்றரும் பூட்டித் தருவதாக ஓர் இளைஞர் வந்து பேசினார். ஓடுவது சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரேடியேற்றர் பூட்டிய ஆமை என்பது ஆமை ஓடு போர்த்திய வேறு பிராணி. ஆசிரியரும் சம்மதிக்கவில்லை.

இலக்கத் தகடு பற்றித்தான் அவர் வீட்டு விறாந்தையில் பெரிய வாக்குவாதம். துருவேறிய தகட்டை மாற்றும்போது அந்த எழுத்தை மறுபடி துலக்கி எழுதுவானேன், நடராஜன் விழுந்த ஊரில் அதற்கு மெருகு வேறா என்று ஒருவர் கொதித்தார். பதிவுப் புத்தகத்தில் உள்ளதை எழுதாமல் விட முடியாது என்பது சட்டம். அதைச் சொல்லி அவரை அமர்த்தியிருக்கலாம். நான் வேறு காரணம் சொன்னேன். அந்த எழுத்தை அழித்துவிட்டால் 1957 ஐப் பற்றிப் பேரப்பிள்ளைகள் கேட்கும் ஒரே சந்தர்ப்பமும் போய்விடும். அவர் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆசிரியர் இருவரையும் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டுத் தகட்டை எழுதக் கொடுத்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பழைய அளவிலேயே. ஸ்ரீ சற்று இடப்பக்கம் சாய்ந்து வந்தது. பழைய தகட்டிலும் அப்படியே சாய்ந்திருந்ததால் அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.