சின்னசேலத்தில் நிலமும் நீரும் சாலையும்

ஓர் ஊரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் தேடுதல் வழக்கம். அவையின்றியும் எல்லா ஊர்களிலும் கிடைக்கத்தக்க சாசனம் ஒன்றுண்டு. அஃது அவ்வூர் நிலத்தின் மதிப்பேயாம். எந்நிலம் எக்காலத்தில் எக்காரணத்தால் உயர்வாக எண்ணப்பட்டது என்று ஆராய்வோமாயின், அவ்வூரார் எதனை நம்பி வாழ்ந்தனர் என்பது தானே விளங்கும். இம்முறையில் நம் சின்னசேலத்தின் நிலையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சின்னசேலம் கல்வராயன் மலைச்சாரலுக்குத் தெற்கே, சேலத்தினின்று கடலூரை நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்தது. நெடுங்காலம் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993-ல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 நவம்பர் 26-ல் புதிதாய் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்க்கப்பெற்றது. இன்று ஒரு தாலூகாவின் தலைமை ஊராகவும் விளங்குகின்றது.

நம் முன்னோர் காலத்தில் நிலத்தின் மதிப்பை அளந்த கோல் நீரே. ஆங்கில ஆட்சியார் ரயத்துவாரி முறைப்படி நிலங்களை அளந்து தரம் பிரித்தபோதும், ஏரிநீர் பாயும் நன்செய்க்கு மிகுந்த தீர்வையும், வானம் பார்த்த புன்செய்க்குக் குறைந்த தீர்வையும் விதித்தனர். ஏரி, வாய்க்கால், மந்தைவெளி, மேய்க்கால் முதலியவற்றைப் புறம்போக்கு என வேறாகக் குறித்தனர். புறம்போக்கு என்னுஞ் சொல் இந்நாளில் இகழ்ச்சிக்குரியதாய் விட்டது. ஆயின் தனியொருவர்க்கு உரியதன்றி ஊர் முழுமைக்கும் உதவும் நிலம் என்பதே அதன் பயனாகும். மலைநீரைத் தேக்கக் கச்சிராயபாளையத்தருகே கோமுகி நதிக்கு 1965-ல் அணை கட்டப்பெற்றதும் இந்நீரளவை பற்றியே.

நிற்க. இருப்புப்பாதை வந்த பின்னர் இக்கோல் மெல்ல மாறலாயிற்று. சேலத்தையும் விருத்தாசலத்தையும் இணைக்கும் புகைவண்டிப் பாதை ஊரின் வழியே செல்லவே, மூட்டைகள் ஏறவும் இறங்கவும் வணிகம் பெருகிற்று. ஜவ்வரிசி ஆலைகளும் அரிசி ஆலைகளும் இவ்வட்டாரத்தில் எழுந்தன. மீட்டர் பாதை 2007-ல் அகலப்பாதையாயிற்று. இங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் புதுப்பாதையும் திட்டமிடப்பெற்றது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும் சுமார் 136 கிலோமீட்டர் தூரம் விரிவாக்கப்பட்டது. ஆனால் ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிப் பகுதிகள் அக்காலத்தில் இருவழியாகவே விடப்பட்டன. நால்வழியில் விரைந்து வந்த வண்டிகள் இருவழியில் நெருங்கி மோதிப் பலர் உயிரிழந்த பின்னரே அவற்றையும் அகலப்படுத்த வேண்டுமென்று துணிந்தனர். வளர்ச்சியை முன்னர்க் கருதாமற் செய்யும் வேலைக்கு உயிரையும் விலையாகக் கொடுக்க நேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்பொழுது நிலத்தை அளக்குங் கோல் சாலையே. சாலைக்கு எத்துணை அடி என்பதே முதற் கேள்வி. ஏரிப் பாசனம் உண்டா என்று வினவுவார் அரியர். கழனியில் வரப்புகள் நீங்கி மனைக்கற்கள் நிற்கின்றன. அவ்விடத்து ஒரு சிறு வரத்து வாய்க்கால் இருப்பின், மனைக்குப் பாதை விடும் பொருட்டு அது மண்ணால் தூர்க்கப்படுகின்றது. அதன் விளைவு உடனே தோன்றுவதில்லை. வாய்க்கால் தூர்ந்தால் ஏரிக்கு வரும் நீர் குறையும். ஏரி நிரம்பாவிடின் அதன்கீழ்க் கிணறுகள் வற்றும். கிணறு வற்றிய உழவர், விளையாத நிலத்தை வைத்திருந்து யாது பயன் என்று அதனையும் மனைக்கே விற்பர். இங்ஙனம் ஒருவர் விற்ற நிலம் அயலார் பலரையும் விற்கச் செய்கின்றது.

சென்னையை நோக்குவோம். அந்நகரில் வீடு போதாமையால் 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியை வடித்துத் தியாகராய நகரை நிறுவினர். அழகிய பூங்காவும் அகன்ற தெருக்களும் அமைந்தன. ஆயினும் 2015-லும் 2021-லும் பெய்த பெருமழையில் அப்பகுதித் தெருக்கள் நீரில் மூழ்கின. ஏரியை மனிதர் மறந்தாலும் நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. அதற்கு முன்பே, 1914, 1915 ஆண்டுகளில், சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் என்பார், குளங்களைத் தூர்த்தலினும் அவற்றைத் தூய்மையாக வைத்துக் காத்தலே நகர்க்கு நன்மை என்னுங் கொள்கையுடையராயிருந்தனர்.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் பிறந்தது. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் ஒரு சட்டம் ஏற்பட்டது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. பின்னர் அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் உண்டானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் செய்யப்பட்டன. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு பொதுவெளியாக விடவேண்டுமென்றும் விதியுண்டு. எனினும் சட்டம் வருவதற்கு முன்னரே பெரும்பாலும் கற்கள் நடப்பட்டு விடுகின்றன. மூடிய வாய்க்காலை வரன்முறைக் கட்டணம் திறந்து கொடுப்பதில்லை.

ஊர் வளர வேண்டாவா, மக்களுக்கு வீடு வேண்டாவா என்று சிலர் வினவக்கூடும். வேண்டும். உழவில் இலாபமின்றிப் பிள்ளைகளின் கல்விக்கும் பெண்ணின் மணத்திற்கும் நிலத்தை விற்பவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. விற்பவரும் நம்மவர், தரகு பேசுபவரும் நம்மவர், மனை வாங்குபவரும் நம்மவரே. ஆகவே பிறர்மேற் பழி சுமத்தி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

நம்மால் ஆவன மூன்று. நிலம் விற்போர், வாய்க்காலும் வண்டிப்பாதையும் கெடாமற் காக்க வேண்டுமென்பதைப் பேச்சுத் தொடங்கும்போதே உறுதி செய்க. மனை வாங்குவோர் பத்திரத்தை மட்டும் நோக்காது, கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பார்த்து, நீர்வழியில் மனை அமையாமையை அறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க. ஊர்ப் பெரியோரும் இளைஞரும் ஒன்றுகூடித் தத்தம் ஊர் ஏரியின் வரத்துக்கால்களை மழைக்கு முன் நடந்து பார்த்து, அடைபட்ட இடத்தை எழுத்து மூலம் அதிகாரிகட்கு அறிவிக்க.

சாலை அகன்றால் ஊர் பெருகும். நீர் அற்றால் பெருகிய ஊர் குடிபெயரும். நம் தந்தையர் நமக்கு ஏரியையும் கழனியையும் வைத்துச் சென்றனர். நாம் நம் மக்களுக்கு மனையை வைத்துச் செல்லுவோமாயின், அம்மனைக்குக் குடிநீரையும் உடன் வைத்துச் செல்லுவது நம் கடனாகும்.